மானிட்டரை மாற்றவா, கிராபிக்ஸ் கார்டை மாற்றவா? 2018 மெஷின், கையில் முப்பதாயிரம்

பல்லடம்_நைட்ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கமுங்க. 2018-இல் சேர்த்த மெஷின். ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 450 வாட் பவர் சப்ளை. மானிட்டர் அதற்கும் முந்தையது. 22 இஞ்ச், 1080பி (1920x1080 புள்ளி), 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம்), டிஎன் பேனல் (பழைய, மலிவான திரை வகை).

ராத்திரி வேலை முடிந்து வந்தால் சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, துப்பாக்கிச் சண்டை ஆட்டம்). லீவு நாளில் சைபர்பங்க் 2077. பகலில் என் தங்கச்சி இதே மெஷினில்தான் பனியன் கம்பெனிக்குப் பிரிண்ட் டிசைன் பண்ணுகிறது.

கையில் 30,000 இருக்கிறது. தீபாவளி போனஸ் வந்தால் அப்புறம் கொஞ்சம் சேரும். இப்போதைக்கு ஒன்றுதான் முடியும். மானிட்டரா, கார்டா? மொத்தமாகப் புது மெஷின் என்று யாரும் சொல்லிவிடாதீங்க, அது நடக்காது.

நாமக்கல்_144

மானிட்டர். யோசிக்கவே வேண்டாம்.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் போய் அடுத்த படம் வர 16.7 மில்லிசெகண்ட். 144-இல் 6.9. எதிரி மூலையில் இருந்து எட்டிப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிஎஸ்2 ஆடுகிற ஆள் 60-இல் உட்கார்ந்திருப்பது பாவம். இன்னொன்று, கார்டு நாலு வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அடுத்த மெஷினுக்கும் கூடவே வரும்.

பவானி_கதைப்பிரியன்

நான் இதற்கு நேர் எதிர் கட்சி. சிஎஸ்2 மட்டும்தான் ஆட்டம் என்றால் நாமக்கல்காரர் சொல்வது சரி. ஆனால் தம்பி சைபர்பங்கும் ஆடுகிறார். கதையோடு வரும் பெரிய ஆட்டங்கள் பிடிக்கும் என்றுதானே அர்த்தம்?

1060 வந்தது 2016-இல். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டமும் 2025 மே மாதம் வந்த டூம் டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் ஓடாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

கதவே திறக்காத வீட்டுக்குப் புது ஜன்னல் எதற்கு? முதலில் கார்டுதான்.

ஈரோடு_27இஞ்ச்

இரண்டு பேருமே 1080பி-யிலேயே நிற்கிறீங்க. வாங்குவதே வாங்குகிறோம், 27 இஞ்ச் 1440பி வாங்கிவிடுங்க. நான் போன வருஷம் மாறினேன். திரும்பி 1080பி-யைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தங்கச்சிக்கும் டிசைன் பரப்பிவைத்து வேலை பார்க்க இடம் கிடைக்கும்.

நாமக்கல்_144

ஈரோட்டு அண்ணா, உங்கள் கார்டு என்ன?

ஈரோடு_27இஞ்ச்

ஆர்டிஎக்ஸ் 4070. 1060-ஐவிட ரொம்ப வேகமானதுதான்.

நாமக்கல்_144

அப்படிச் சொல்லுங்க. 1080பி என்றால் 20,73,600 புள்ளி. 1440பி என்றால் 36,86,400. ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேலை. 1060 தலையில் அதைத் தூக்கி வைத்தால் சைபர்பங்கில் படம் படமாக எண்ணலாம்.

காந்திபுரம்_சர்வீஸ்

இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். எதை வாங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்கள் மெஷின் விநாடிக்கு எத்தனை பிரேம் (படம்) கொடுக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் இங்கே ஓட்டுப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மானிட்டர் எதையும் உண்டுபண்ணாது. மெஷின் கொடுப்பதைக் காட்டும், அவ்வளவுதான். மெஷின் 130 கொடுத்து மானிட்டர் 60 காட்டினால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் கண்ணுக்கு வராமலே போகிறது. அப்போது மானிட்டர் வாங்குங்க. மெஷினே 40 கொடுத்தால் 144 ஹெர்ட்ஸ் வாங்கினாலும் அதே 40-தான். அப்போது கார்டு, இல்லையென்றால் பிராசசர். இதை ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியாகப் பார்க்கோணும். ஒரே மெஷினில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பதில், இன்னொன்றுக்கு வேறு பதில் வரும்.

தம்பி, இதைச் செய்யுங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டுக்கொள்ளுங்க, இலவசம்தான். அதோடு வரும் ரிவாட்யூனரில் பிரேம், கார்டு பயன்பாடு, கார்டு சூடு, பிராசசர் சூடு நான்கையும் திரையில் வரவழைத்துக்கொள்ளுங்க. விசிங்கை (பிரேமை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் செட்டிங்) அணைத்துவிடுங்க. இரண்டு ஆட்டத்தையும் வழக்கமாக எப்படி ஆடுவீர்களோ அப்படியே அரை மணி நேரம் ஆடுங்க. முதல் ஐந்து நிமிஷத்துக் கணக்கு வேண்டாம். கடைசி ஐந்து நிமிஷத்துக் கணக்கைச் சொல்லுங்க.

கார்டு பயன்பாடு 97, 98 என்று நின்றால் கார்டு திணறுகிறது. 60, 70-இல் நின்றுகொண்டு பிரேமும் ஏறவில்லை என்றால் பிராசசர் திணறுகிறது. அப்படியே ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்க. பிரேம் ஏறினால் குறை கார்டில். ஏறவே இல்லை என்றால் குறை பிராசசரில்.

பல்லடம்_நைட்ஷிப்ட்

பார்த்துவிட்டேனுங்ணா.

சைபர்பங்க், எல்லாம் லோ: 35-இல் இருந்து 40. கார்டு பயன்பாடு 99.

சிஎஸ்2: ஆரம்பத்தில் 130-ஐ ஒட்டி. அரை மணி கழித்து 85, 90. கார்டு பயன்பாடு 60-க்குக் கீழே. பிராசசர் சூடு 95 டிகிரி. 95 சாதாரணமா?

காந்திபுரம்_சர்வீஸ்

சாதாரணம் இல்லை. 2600-க்கு 95 என்பது எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் 130 தொண்ணூறாக இறங்குவது அதனால்தான். பல்லடம் என்று பேர் வைத்திருக்கிறீங்களே, வீட்டுப் பக்கத்தில் தறி ஓடுகிறதா?

பல்லடம்_நைட்ஷிப்ட்

பக்கத்தில் என்ன, ஒட்டின சுவரே தறிக்குடோன்தான்.

காந்திபுரம்_சர்வீஸ்

அதுதான் விஷயம். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கத்தில் இருந்து வரும் மெஷின்களைத் திறந்தாலே தெரிந்துவிடும். வேறு ஊர்த் தூசி பொடியாக இருக்கும், ஊதினால் பறக்கும். பஞ்சுத்தூசி அப்படி இல்லை. ஃபேன் இழுக்கும் காற்றோடு உள்ளே போய், ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் (பிராசசர் சூட்டை இழுத்து வெளியேற்றும் பாகம்) அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் படியும். படிந்து படிந்து கம்பளித்துணி மாதிரி ஒரு வட்டமாகவே ஆகிவிடும். விரலால் ஓரத்தைப் பிடித்து உரித்தால் முழுசாக வரும். வெளியில் இருந்து பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கீழே ஒரு துளி காற்று இறங்காது.

ஆகவே காசு எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்க. ஃபேனை மட்டும் கழற்றி அந்தப் பஞ்சை உரித்தெடுங்க. தகடுகளை மென்மையான பிரஷால் தள்ளுங்க. ஊதுவதாக இருந்தால் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்க, கன்னாபின்னாவென்று சுற்ற விடக்கூடாது. பக்கத்துக் குடோன் கம்ப்ரஸரில் கொடுத்து ஊதலாம் என்று தோன்றும். வேண்டாமுங்க. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

ஹீட்சிங்கையும் எடுத்து, அதற்கும் பிராசசருக்கும் நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவதென்றால் ஒரு ஜாக்கிரதை. உங்களுடைய ஏஎம்4 வகைப் பிராசசருக்கு அடியில் ஊசி. பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி, ஹீட்சிங்கை இடம் வலமாக மெதுவாகத் திருகிக்கொடுத்து அப்புறம் தூக்குங்க.

கார்டின் ஃபேனையும் மறந்துவிடாதீங்க. பவர் சப்ளையை மட்டும் திறக்காதீங்க. வெளியில் இருந்தே பிரஷ் போட்டால் போதும்.

திருப்பூர்_பிரிண்ட்

டிசைன் வேலை என்று படித்ததால் எழுதுகிறேன். நானும் அதே தொழில்தான். இங்கே எல்லோரும் பிரேம் கணக்கே பேசுகிறீங்க. அந்தப் பெண்ணின் பகல் வேலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டிஎன் பேனலில் கலர் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் தூக்கினால் ஒரு நிறம், இறக்கினால் இன்னொரு நிறம். ஒரே பிளெயின் கலர் பட்டை திரையின் மேலே கறுத்தும் கீழே வெளுத்தும் தெரியும். பாண்டோன் புத்தகத்தை (நிறங்களுக்கு எண் போட்ட மாதிரிப் புத்தகம்) பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுப்போம். பையர் ஓகே சொல்வதும் துணியில் அடித்த ஸ்ட்ரைக் ஆஃபை (மாதிரி பிரிண்ட்டை) பார்த்துத்தான், திரையைப் பார்த்து இல்லை. ஆனால் திரையே பொய் சொன்னால் ஸ்ட்ரைக் ஆஃப் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடிக்க வேண்டிவரும். சாயம், துணி, ஆள், நேரம் எல்லாம் போகும்.

ஐபிஎஸ் பேனல் (எந்தக் கோணத்திலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), எஸ்ஆர்ஜிபி (கம்ப்யூட்டரில் பொதுவாகப் பயன்படும் நிற அளவு) முழுசாக வருகிற மாதிரி ஒன்று எடுங்க தம்பி. கேமிங் என்று விற்பதில் நிறைய மானிட்டர் நிறத்தைத் தூக்கலாகக் காட்டும். பகலில் எஸ்ஆர்ஜிபி மோடில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. ஆட்டத்துக்கு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்க.

பவானி_கதைப்பிரியன்

அக்கா சொன்னது நியாயம். நான் அதை யோசிக்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தைப் பொறுத்தவரை என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன். சைபர்பங்கில் கார்டு 99. சர்வீஸ் அண்ணன் சொன்ன கணக்குப்படியே அங்கே குறை கார்டில்தான். எல்டன் ரிங் மாதிரி ஆட்டங்கள் 60 பிரேமிலேயே பூட்டி வருகின்றன, அங்கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்து என்ன செய்ய?

நாமக்கல்_144

ஒன்று செய்யும். அடாப்டிவ் சிங்க். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மெஷின் 52 கொடுத்தால் படம் குதித்துக் குதித்து வரும், இல்லையென்றால் நடுவில் கிழிந்து தெரியும். அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டர் மெஷினுக்கு ஏற்ப தானே மெதுவாகிக்கொள்ளும். 50-க்கு மேலே இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 2019 ஜனவரியில் இருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் என்விடியா இதைத் திறந்துவிட்டது, அதனால் 1060-இலேயே வேலை செய்யும். டிஸ்பிளேபோர்ட் கேபிளில்தான் மாட்டோணும், 1060-இன் எச்டிஎம்ஐ-யில் வராது.

பவானி_கதைப்பிரியன்

35 பிரேமுக்கு அது உதவாது.

நாமக்கல்_144

35-க்கு உதவாதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

சத்தி_ரோடு

கார்டு பற்றி என் பங்குக்கு. பழைய கார்டு வாங்கினால் இரண்டையும் ஒரே பட்ஜெட்டில் முடிக்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கோணும்.

ஆர்எக்ஸ் 580 என்று மலிவாகக் கிடைப்பதில் நிறைய 2048எஸ்பி என்ற வகை. உண்மையான 580-க்கு 2304 ஷேடர் (படம் வரையக் கணக்குப் போடும் அலகு). இந்த 2048எஸ்பி கிட்டத்தட்ட 570-தான். எப்படி இருந்தாலும் 1060-இல் இருந்து 580-க்குப் போவது நின்ற இடத்திலேயே நிற்பது மாதிரி. விட்டுவிடுங்க.

2022 செப்டம்பரில் எத்தீரியம் (கிரிப்டோ நாணயம்) மைனிங் முடிந்ததும் அதில் ஓடின கார்டெல்லாம் சந்தைக்கு வந்தன. இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்றாலே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபேனும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும். விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில் புள்ளி, கோடு, நிறத்துண்டு எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்க. பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போனால்தான் காசு.

உங்கள் போர்டுக்கும் சப்ளைக்கும் பொருந்துவது ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060. 1060 இழுப்பது 120 வாட். 6600 132 வாட், 4060 115 வாட். ஆகவே 450 வாட் நல்ல சப்ளை என்றால் மாற்ற வேண்டாம். ஆனால் 1060 நிறைய மாடலில் 6 பின் மட்டும்தான் வரும், இவை இரண்டுக்கும் 8 பின் வேண்டும். உங்கள் சப்ளை கேபிளின் முனையில் 6-ஓடு ஒட்டி 2 பின் தொங்குகிறதா என்று முதலில் பாருங்க. இரண்டு கார்டிலும் 8 ஜிபி-தான். 1080பி-க்குப் போதும், டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கிக்கொள்ளலாம். ரே டிரேசிங் கேட்கும் ஆட்டங்களும் இரண்டிலும் திறக்கும்.

பல்லடம்_நைட்ஷிப்ட்

கழற்றிப் பார்த்தேன். அண்ணா சொன்ன மாதிரியே வட்டமாக, முழுசாக உரிந்து வந்தது. வெள்ளைப் பஞ்சு, நடுவில் யாரோ சாயம் போட்ட நீல நூல் வேறு. பேஸ்ட்டும் மாற்றினேன், சூடாக்கித் திருகித்தான் எடுத்தேன்.

இப்போது சிஎஸ்2 அரை மணி ஆடினாலும் 125-க்கு மேலேயே நிற்கிறது. பிராசசர் 73 டிகிரி. சைபர்பங்கில் ஒரு மாற்றமும் இல்லை, அதே 40.

கேபிளில் 6-ஓடு 2 பின் இருக்கிறது.

காந்திபுரம்_சர்வீஸ்

நல்லது. இப்போது உங்கள் கணக்கு தெளிவு. சிஎஸ்2-வில் 125 வருகிறது, 60-தான் பார்க்கிறீங்க. அங்கே மானிட்டர். சைபர்பங்கில் கார்டு. பகல் வேலைக்கு மானிட்டர். என் கடைக்கு வந்து கேட்டிருந்தால் மானிட்டரை முதலில் கொடுத்திருப்பேன். தினமும் இரண்டு பேர் பார்ப்பது அதைத்தான்.

24 இஞ்ச், 1080பி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். பத்தாயிரத்தைச் சுற்றிக் கிடைக்கும். விஏ பேனல் வேண்டாம். கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் விலை குறைந்ததில் இருட்டுக் காட்சி நகரும்போது இழுத்துக்கொண்டு போகும். 27 இஞ்சில் 1080பி-யும் வேண்டாம், எழுத்து பிசிறடிக்கும். ஈரோட்டுக்காரர் சொன்ன 1440பி நல்ல பொருள்தான், அந்தக் கார்டு வந்தபிறகு பேசலாம்.

100 ஹெர்ட்ஸ் மானிட்டர் இன்னும் இரண்டு மூன்றாயிரம் குறைவாக வரும். கை இறுக்கமாக இருக்கிறவர்களுக்கு அதையும் சொல்வேன். 60-இல் இருந்து 100-க்குப் போனால் ஒரு படத்துக்கு 6.7 மில்லிசெகண்ட் மிச்சம். 100-இல் இருந்து 144-க்கு 3.1-தான். பெரிய தாவல் முதலில் வந்துவிடுகிறது. ஆனால் உங்களுக்கு 125 வருவதால் 144-ஐயே எடுங்க.

மீதி இருபதாயிரத்தைக் கரைக்காமல் வையுங்க. போனஸோடு சேர்த்துப் புதுக் கார்டே வாங்கலாம். பிராசசரை அதற்கும் அப்புறம் பாருங்க. இதே பி450-இல் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணி ரைசன் 5 5600 உட்காரும். பழைய 2600 போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிடோணும், மாற்றினபிறகு முடியாது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பார்த்து அதைத் தவிர்த்து, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்க.

டிடிஆர்4 ரேமை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீங்க. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. புது பிளாட்ஃபார்முக்கு மாறினால் டிடிஆர்5 வாங்கவே தனி பட்ஜெட் வேண்டும். இருக்கிற 16 ஜிபி இப்போது சொத்து.

பவானி_கதைப்பிரியன்

சரி, வரிசை மானிட்டர், கார்டு என்றே இருக்கட்டும். கார்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாமல் இருந்தால் எனக்குப் போதும். டிரைவர் நின்றுபோனது நின்றதுதான்.

அதுவரைக்கும் சைபர்பங்கில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டு ஆடுங்க தம்பி. அதே மாதிரி வேலை செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுக்குத்தான், எஃப்எஸ்ஆர் உங்கள் 1060-இலும் ஓடும். குவாலிட்டி மோடில் தொலைவில் இருக்கும் கம்பி, வேலி கொஞ்சம் மினுமினுக்கும். ஐம்பதை எட்டிவிட்டால் நாமக்கல்காரர் சொன்ன அடாப்டிவ் சிங்க் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பல்லடம்_நைட்ஷிப்ட்

முடிவு பண்ணிவிட்டேனுங்க. மானிட்டர். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறேன். கடையிலேயே நிறத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கடையில் எதெல்லாம் பார்க்க வேண்டும்?

திருப்பூர்_பிரிண்ட்

அவளுடைய பைல் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோகச் சொல்லுங்க. தோல் நிறம், சாம்பல் நிற கிரேடியன்ட், நேவி புளூ மூன்றும் இருக்கிற டிசைனாக. நேவிக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரிகிறதா, சாம்பலில் பச்சையோ சிவப்போ ஏறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பாண்டோன் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளட்டும், கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

காந்திபுரம்_சர்வீஸ்

கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா பாருங்க. ஒன்றிரண்டு புள்ளிக்கு வாரண்டியில் மாற்றித் தராத கம்பெனிகள் உண்டு, அதனால் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னாலேயே பார்த்துவிடோணும். முழுக் கறுப்பில் மூலைகளில் கொஞ்சம் வெளிறல் ஐபிஎஸ்ஸில் இருக்கத்தான் செய்யும். ஒரே மூலையில் மட்டும் டார்ச் அடித்த மாதிரி இருந்தால் வேறு பெட்டி கேளுங்க. பெட்டிக்குள் டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருக்கிறதா பாருங்க, சிலதில் எச்டிஎம்ஐ மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

நாமக்கல்_144

வீட்டில் மாட்டினதும் முதல் வேலை, விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144-க்கு மாற்றுவது. பெரும்பாலும் தானாக மாறாது, 60-இலேயே நிற்கும். அப்புறம் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் (அடாப்டிவ் சிங்க்குக்கு என்விடியா வைத்த பேர்) டிக். சிஎஸ்2-வில் பிரேமை 140-க்குள் கட்டிப்போடுங்க, அடாப்டிவ் சிங்க் எல்லைக்குள் இருக்கும், கார்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்.

ஈரோடு_27இஞ்ச்

பழைய 22 இஞ்சைக் கழித்துவிடாதீங்க. நல்லதைத் தங்கச்சிக்கு முன்னால் வைத்து, பழையதைப் பக்கவாட்டில் வைத்தால் டூல் பேனலெல்லாம் அங்கே போட்டுக்கொள்ளும். 1060-இல் ஒன்றுக்கு மேல் மானிட்டர் தாராளமாக மாட்டலாம்.

பல்லடம்_நைட்ஷிப்ட்

வாங்கியாச்சுங்க. 24 இஞ்ச், ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். முதலில் எடுத்த பெட்டியில் சாம்பலில் பச்சை ஏறுகிறது என்று தங்கச்சி வேண்டாம் என்றுவிட்டது. வேறு மாடல் காட்டினார்கள், அதைத்தான் எடுத்தோம். கேபிள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ரெஃப்ரெஷ் ரேட், ஜி-சிங்க் எல்லாம் மாற்றியாச்சு. சிஎஸ்2-வில் திரும்பிப் பார்க்கும்போது சுவரில் இருக்கிற எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. சைபர்பங்க் எஃப்எஸ்ஆரோடு 50-ஐத் தொடுகிறது.

பழைய மானிட்டர் பக்கவாட்டில் நிற்கிறது. கார்டுக்குப் போனஸ் வந்ததும் இதே இழையில் வந்து கேட்கிறேன். சத்தி ரோட்டு அண்ணா, 6600, 4060 இரண்டின் விலையையும் அப்போது நீங்கள்தான் சொல்லோணும்.

சத்தி_ரோடு

வாங்க தம்பி, சொல்கிறேன். இரண்டும் போர்டோடு எட்டு லேனில் (தரவுப் பாதையில்) மட்டும் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, உங்கள் பி450-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்தில்தான் ஓடும். கொஞ்சம் குறையும், அதையும் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்வோம்.